அயனித் திரவம் அடங்கிய சிலிக்கா ஜெல்: வேலூர் வெயிலிலும் ஐப்பசி மழையிலும் தயாரித்து, அயனி ஓட்டத்தை அளக்கும் முறை

அயனித் திரவம் என்பது அறை வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உப்பு. சிலிக்காவின் நுண்துளைகளுக்குள் அதை அடைத்துவைத்தால் கிடைப்பது அயனோஜெல். கையில் எடுத்தால் கண்ணாடி வில்லை. உள்ளே பார்த்தால் எடையில் ஆறில் ஐந்து பங்கு திரவம்தான். கவிழ்த்தாலும் ஒழுகாது, ஆவியாகாது, எளிதில் தீப்பிடிக்காது. பேட்டரிக்கும் சூப்பர் கெப்பாசிட்டருக்கும் திட மின்பகுளி தேடுகிறவர்கள் இதன்மேல் கண் வைத்திருப்பது இதனால்தான். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கும் ஏற்ற பொருள்: உயர் வெப்ப உலை வேண்டாம், கையுறைப் பெட்டி (உலர் வாயு நிரப்பிய மூடிய பெட்டி) இல்லாமலும் தொடங்கலாம்.

தயாரிப்பது கடினமில்லை. தவறு நடப்பது அளவீட்டில். ஜெல்லின் கடத்துத்திறன் இவ்வளவு என்று ஒரே ஒரு எண்ணை எழுதிவைத்தால் அதற்குப் பொருளே இல்லை. அதே திரவத்தைச் சிலிக்கா இல்லாமல், அதே மின்முனைகளில், அதே வெப்பநிலையில் அளந்து, இரண்டையும் வகுத்துப் பார்க்க வேண்டும். அந்த விகிதம்தான் சிலிக்கா அயனியை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும். ஜெல்லில் ஈரம் இருக்கிறதா, ஃபார்மிக் அமிலம் மிச்சமிருக்கிறதா என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும். கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்த விகிதத்தை நம்பத்தக்கதாக ஆக்குவதற்காகத்தான்.

எந்தத் திரவம், எந்த சிலேன்

திரவத்துக்கு 1-பியூட்டைல்-3-மெத்தில்இமிடசோலியம் டிஎஃப்எஸ்ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிஎஃப்எஸ்ஐ என்பது பிஸ்(ட்ரைஃப்ளூரோமெத்தில்சல்ஃபோனில்)இமைடு என்ற எதிர்மின் அயனியின் சுருக்கம். லேபில் பிஎம்ஐஎம்-டிஎஃப்எஸ்ஐ என்பார்கள். மூலக்கூறு நிறை 419.4, அடர்த்தி 25 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 1.44, கடத்துத்திறன் செ.மீ.க்கு சுமார் 3.9 மில்லி சீமன்ஸ். விலை குறைவு என்பதற்காக டெட்ராஃப்ளூரோபோரேட், ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட் வகைகளை வாங்க வேண்டாம். ஈரமும் அமிலமும் சேரும்போது அவை சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடை விடும். அது சிலிக்காவையே அரிக்கும், தோலில் பட்டால் எலும்புவரை இறங்கும்.

வினைபுரிந்து சிலிக்காவைத் தரும் சிலிக்கான் சேர்மம்தான் சிலேன். இங்கே அது டெட்ராஎத்தாக்ஸிசிலேன், சுருக்கமாக டியோஸ். மெத்தாக்ஸி வகை இதைவிட வேகமாக ஜெல் ஆகும், ஆனால் அதன் ஆவி கண்ணின் கருவிழியைப் புண்ணாக்கும். மாணவர்கள் கைபுழங்கும் லேபில் அந்த வேகம் தேவையில்லை.

ஃபார்மிக் அமிலம் 98 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். இந்த முறையில் வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றுவதில்லை. அமிலமே எத்தாக்ஸி தொகுதிகளை எத்தில் ஃபார்மேட்டாக எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு மூலக்கூறு டியோஸும் நான்கு மூலக்கூறு அமிலமும் முழுதாக வினைபுரிந்தால் ஒரு சிலிக்கா, நான்கு எத்தில் ஃபார்மேட், இரண்டு தண்ணீர் வரும். எல்லாவற்றையும் கடைசியில் ஆவியாக்கி வெளியேற்றிவிடலாம். ஒரு எச்சரிக்கை: அடர் ஃபார்மிக் அமிலம் பாட்டிலில் இருக்கும்போதே மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடை விடும். சித்திரை வைகாசி வெயிலில் அடைத்துவைத்த பாட்டிலில் அழுத்தம் ஏறியிருக்கும். மூடியை ஃப்யூம் ஹுட்டுக்குள் வைத்து, முகத்தைத் தள்ளி, மெதுவாகத் திறக்க வேண்டும்.

திரவத்தைச் சொந்தமாகத் தயாரிக்கிறவர்களுக்கு இன்னொன்று. பியூட்டைல்மெத்தில்இமிடசோலியம் குளோரைடையும் லித்தியம் டிஎஃப்எஸ்ஐயையும் தண்ணீரில் கலந்தால் திரவம் அடியில் பிரியும். அதைத் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். குளோரைடு மிச்சமிருந்தால் பாகுத்தன்மை ஏறி, கடத்துத்திறன் இறங்கும். கழுவிய நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டு, வெண்கலங்கல் வராத நிலையை எட்டும்வரை கழுவுவது வழக்கம். இங்கேதான் நம்மூர்த் தண்ணீர் ஏமாற்றும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய தோல் பதனிடும் ஊர்களில் நிலத்தடி நீரில் உப்பு மிகுதி. போர் தண்ணீரில் அலசிய குடுவையே சில்வர் நைட்ரேட்டுக்கு வெள்ளையாகும். கழுவ எடுக்கும் தண்ணீரை முதலில் அதே சோதனைக்கு உட்படுத்துங்கள். அது தெளிவாக நின்றால்தான் அடுத்த வேலை. குடுவையின் கடைசி அலசல் எப்போதும் காய்ச்சி வடித்த நீரில்.

கலவை

திரவத்தை வேக்குவம் அவனில் 80 டிகிரியில் ஓர் இரவு முழுக்க வைத்து உலர்த்தியபின் தொடங்குங்கள்.

அளவு இது: அயனித் திரவம் 2.87 கிராம், ஃபார்மிக் அமிலம் 2.7 மி.லி., டியோஸ் 2.0 மி.லி. திரவத்தைப் பிப்பெட்டில் எடுக்காமல் தராசில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், அது பாகாக இருப்பதால் பிப்பெட்டின் சுவரிலேயே கொஞ்சம் தங்கிவிடும். அமிலத்துக்கும் டியோஸுக்கும் மோல் விகிதம் 8 : 1 ஆகிறது. தேவைக்கு இரு மடங்கு அமிலம். வினை பாதியில் நிற்காமல் இருக்கவும், கலவை பிரியாமல் இருக்கவும் அந்த உபரி.

முதலில் திரவத்தையும் அமிலத்தையும் மூடிபோட்ட கண்ணாடிக் குப்பியில் கலக்குங்கள். காந்தக் கலக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே டியோஸைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கலங்கல் தெரிந்தால் தெளியும்வரை கலக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம் போதும். கத்திரி வெயில் நாட்களில் ஏசி இல்லாத அறையில் குப்பியை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கலக்குங்கள். எத்தில் ஃபார்மேட்டின் கொதிநிலை 54 டிகிரிதான். 40 டிகிரி அறையில் மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் அது பறந்துவிடும், விகிதம் மாறும், ஜெல் அவசரமாக இறுகி வெள்ளையாகும்.

அச்சு டெஃப்லானாகவோ பாலிப்ரொப்பிலீனாகவோ இருக்க வேண்டும். கண்ணாடி அச்சு கூடவே கூடாது. சிலிக்கா கண்ணாடிச் சுவரைப் பிடித்துக்கொள்ளும், சுருங்கும்போது கிழியும். எவ்வளவு சுருங்கும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போடலாம். ஊற்றும் மொத்தக் கலவை 6.7 மி.லி. கடைசியில் மிஞ்சுவது 2 மி.லி. திரவமும், 0.54 கிராம் சிலிக்காவும். சிலிக்காவின் பருமன் கால் மி.லி.கூட இல்லை. ஆகக் கன அளவு மூன்றில் ஒன்றாகிறது, விட்டம் ஏறக்குறைய பத்தில் ஏழாகிறது. 12 மி.மீ. மின்முனைக்கு 18 மி.மீ. அச்சு எடுத்தால் வில்லை 12.5 மி.மீ.க்கு வந்து நிற்கும். ஆறு அச்சுகளில், இரண்டிரண்டாக, 0.6, 0.9, 1.2 மி.லி. ஊற்றுங்கள். சுமார் 1.6, 2.5, 3.3 மி.மீ. தடிமனில் வில்லைகள் வரும். மூன்று தடிமன் எதற்கு என்பது அளவீட்டில் தெரியும். ஒவ்வொரு அச்சையும் காலியாகவும், ஊற்றிய உடனேயும் நிறுத்து எழுதிவையுங்கள். இதைத் தவறவிட்டால் பின்னால் ஈடுசெய்ய வழியில்லை.

உலர்த்துதல்

அச்சைச் சாய்த்தால் கலவை அசையாத நிலை சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் வரும். அதோடு முடிந்ததாக நினைக்கக் கூடாது. உள்ளே வலைப்பின்னல் இன்னும் வலுப்பெற்றுக்கொண்டிருக்கும். இறுக மூடியபடியே 40 டிகிரியில் இரண்டு நாள் வையுங்கள். பிறகு மூடியில் குண்டூசியால் ஒரே ஒரு துளை, நான்கு நாள். அடுத்து மூடியை எடுத்து 60 டிகிரியில் ஒரு நாள். கடைசியாக வேக்குவம் அவனில் 80 டிகிரி, இரண்டு நாள்.

இந்த நிதானம் ஏன்? உச்சி வெயிலில் போட்ட வடகம் மேல்பக்கம் காய்ந்து உள்பக்கம் ஈரமாக இருக்கும்போது வெடிப்பதுபோல, ஜெல்லின் மேற்பரப்பு முந்திக்கொண்டு சுருங்கினால் விரிசல் விழும். அயனித் திரவம் ஆவியாகாமல் துளைகளைத் தாங்கிப் பிடிப்பதால் சாதாரண சிலிக்கா ஜெல்லைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் முதல் வாரத்தில் எத்தில் ஃபார்மேட்டும் எத்தனாலும் வெளியேறும்போது அந்தப் பாதுகாப்பு முழுமையாக இல்லை.

வேக்குவம் பம்புக்கு முன்னால் குளிர்பொறி (ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் கலம்) கட்டாயம். ஃபார்மிக் அமில ஆவி பம்பின் எண்ணெயைக் கெடுத்து உலோகத்தையும் அரித்துவிடும். வேக்குவத்தை உடைக்கும்போது வெளிக்காற்றை விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்திருக்கும் நாளில் வால்வைத் திறந்தால், இரண்டு நாள் வெளியேற்றிய ஈரம் கொஞ்ச நேரத்தில் திரும்ப உள்ளே போய்விடும். நைட்ரஜன் சிலிண்டரிலிருந்து உலர் வாயுவை விட்டு, வில்லையை நேரே டெசிகேட்டருக்கு (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) மாற்றுங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகள் நீலமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

உலர்ந்துவிட்டதா என்பதைத் தராசு சொல்லும். ஊற்றிய கலவை முழுதுக்கும் எடை 8.03 கிராம். மிஞ்ச வேண்டியது 3.41 கிராம், அதாவது 42.5 சதவீதம். வினைபுரியாமல் நிற்கும் சிலனால் தொகுதிகளால் (சிலிக்கானோடு ஒட்டிய OH) ஒன்றரை சதவீதம் கூடுதலாக இருக்கலாம். ஒரு வில்லை 48 சதவீதத்தில் நின்றால் அதில் இன்னும் அமிலம் இருக்கிறது; திரும்ப அவனுக்குள். எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலைக் கருவி) வசதி இருந்தால் 1720 செ.மீ.⁻¹ அருகே பாருங்கள். ஃபார்மிக் அமிலத்துக்கும் ஃபார்மேட்டுக்கும் உரிய கார்பனைல் பட்டை அங்கே தலைகாட்டும். 1080 பக்கம் வரும் சிலிக்கா பட்டையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். டிஎஃப்எஸ்ஐயின் பட்டைகள் அதன் இரு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கும்.

அளவீட்டுக் கலம்

12 மி.மீ. விட்டமுள்ள, பாலிஷ் செய்த இரண்டு துருப்பிடிக்காத எஃகு உருளைகள் போதும். ஒன்றின் பின்னால் மென்மையான ஸ்பிரிங். திருகி இறுக்கும் கலம் வேண்டாம். அதிகம் அழுத்தினால் துளைகளிலிருந்து திரவம் கசிந்து வில்லையின் பக்கச் சுவரில் படலமாகப் படியும். மின்னோட்டம் ஜெல்லைச் சுற்றிக்கொண்டு அந்தப் படலத்தின் வழியே குறுக்காகப் போகும்; மின்தடை குறைந்து, ஜெல் பிரமாதம் என்று தோன்றும். வில்லையை ஏற்றும்முன் பஞ்சு உதிராத டிஷ்யூவால் விளிம்பைத் துடையுங்கள், அளந்து முடித்தபின்னும் விளிம்பைப் பாருங்கள். மேல்பக்கம் குழிவாக இருந்தால் 1200 கிரிட் எமரி ஷீட்டில் உலர்வாகத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்.

தனித் திரவத்தை அளக்க, அதே எஃகு உருளைகளுக்கு இடையில் 12 மி.மீ. உள்விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள டெஃப்லான் வளையம். அதற்குள் 0.23 மி.லி. திரவம் பிடிக்கும். குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கணக்கு எளிது: கடத்துத்திறன் = தடிமன் ÷ (மின்தடை × பரப்பு). பரப்பு 1.131 சதுர செ.மீ., தடிமன் 0.2 செ.மீ. என்றால் கல மாறிலி (தடிமன் ÷ பரப்பு) 0.177. இதைச் சரிபார்க்க 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல். லிட்டருக்கு 0.746 கிராம். 25 டிகிரியில் அதன் கடத்துத்திறன் செ.மீ.க்கு 1.413 மில்லி சீமன்ஸ், ஆகவே வளையத்தில் 125 ஓம் காட்ட வேண்டும். 130 காட்டினால் வளையத்தின் தடிமனைத் திரும்ப அளங்கள். 110 காட்டினால் கரைசல் வளையத்துக்கு வெளியே பரவியிருக்கிறது. பிறகு உலர்ந்த அயனித் திரவம்: 25 டிகிரியில் 45 ஓம் அருகே வரும்.

இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குக் கலம் காட்டும் தடை) எடுக்கும்போது 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1 ஹெர்ட்ஸ் வரை, 10 மில்லிவோல்ட். நைக்விஸ்ட் படத்தில் (இம்பிடன்ஸின் மெய்ப்பகுதி கிடை அச்சில், கற்பனைப்பகுதி செங்குத்து அச்சில்) அரைவட்டம் வருமென்று காத்திருக்காதீர்கள். இவ்வளவு கடத்தும் பொருளுக்கு அந்த அரைவட்டம் கருவியின் அதிர்வெண் எல்லைக்கு வெளியே இருக்கும். தெரிவது சாய்ந்து எழும் ஒரு கோடுதான். அது கிடை அச்சைத் தொடும் இடமே மின்தடை. உயர் அதிர்வெண்ணில் புள்ளிகள் அச்சுக்குக் கீழே இறங்கினால் அது கம்பியின் தூண்டல், அவற்றை விட்டுவிடுங்கள். மென்பொருள் கேட்கிறதே என்று இல்லாத அரைவட்டத்தைப் பொருத்தினால், கிடைக்கும் எண் எந்தப் பொருளுக்கும் உரியதல்ல.

50 ஹெர்ட்ஸ் அருகே புள்ளிகள் சிதறினால் அது மின்வாரிய லைனின் இரைச்சல். கலத்தை ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, மூடியில் கம்பிக்குத் துளையிட்டு, டப்பாவை எர்த்துடன் இணைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கருவியையும் அவனையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். நடுவில் மின்சாரம் போனால் வெப்பநிலைப் படி முழுவதும் வீண்.

இப்போது அந்த மூன்று தடிமன்கள். ஒவ்வொரு வில்லையின் மின்தடையையும் தடிமனுக்கு எதிராகக் குறித்தால் நேர்கோடு வர வேண்டும். அதன் சாய்விலிருந்து வருவதுதான் ஜெல்லின் உண்மையான கடத்துத்திறன். கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம் தொடர்பு மின்தடையும் கம்பியின் மின்தடையும் சேர்ந்தது. அது ஓரிரு ஓம்களுக்குள் இருந்தால் நல்லது. பத்து ஓம் வந்தால் வில்லையின் பரப்பு மின்முனையோடு ஒட்டவில்லை. ஒரே வில்லையை அளந்து முடிவெழுதினால் இந்தப் பிழை கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

வெப்பநிலை

அறை வெப்பநிலை என்று மட்டும் எழுதுவது இந்தப் பொருளுக்குப் போதவே போதாது. இந்தத் திரவத்தின் கடத்துத்திறன் ஒரு டிகிரிக்கு 3 முதல் 4 சதவீதம் மாறும். மார்கழிக் காலையும் மே மாத மதியமும் வேலூரில் ஒரே அறை அல்ல. குளிரூட்டும் வசதியுள்ள வாட்டர் பாத் இருந்தால் 25 டிகிரியிலிருந்து தொடங்குங்கள். வெறும் அவன்தான் என்றால், அறையைவிடப் பத்து டிகிரியாவது மேலே போனால்தான் அது நிலையாக நிற்கும். ஆகக் கோடையில் 50 முதல் 90 டிகிரி வரை பத்துப் பத்தாக அளப்பதே சரி. தனித் திரவத்தையும் அதே புள்ளிகளில் அளங்கள். ஒவ்வொரு படியிலும் 40 நிமிடம் காத்திருங்கள். வெப்பமானி அவனின் சுவரில் அல்ல, எஃகு உருளையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

ஏறும்போது அளந்ததை இறங்கும்போதும் அளங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் வில்லை உலர்ந்தது. இறங்கும்போது குறைவாக வந்தால், ஏறும்போது இருந்த கூடுதல் கடத்துத்திறன் தண்ணீருடையது. அளவீட்டின்போதே அது ஆவியாகிப் போயிருக்கிறது. தண்ணீர் பாகுத்தன்மையைக் குறைத்து அயனிகளை வேகமாக ஓடவிடும். அதனாலேயே ஈரமான வில்லை எப்போதும் நல்ல வில்லைபோலத் தோன்றும்.

வரைபடத்தில் மடக்கைக் கடத்துத்திறனை 1/கெல்வினுக்கு எதிராகக் குறித்தால் அது வளையும். இந்தத் திரவங்கள் வோகல்-ஃபுல்ஷர்-டாம்மன் சமன்பாட்டைப் பின்பற்றுபவை. ஆனால் 50 முதல் 90 வரையான குறுகிய இடைவெளியில் நேர்கோடும் பொருந்திவிடும், அந்தச் சமன்பாட்டின் மூன்று மாறிலிகளின் ஆயிரம் சேர்க்கைகளும் பொருந்திவிடும். டிஎஸ்சியில் (சூடாக்கும்போது வெப்ப ஓட்டத்தை அளக்கும் கருவி) கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை அளக்க முடியாவிட்டால் அந்த மாறிலிகளை வெளியிடாமல் விடுவதே நேர்மை. விகிதத்தை ஒவ்வொரு வெப்பநிலையிலும் கொடுத்தாலே போதுமான செய்தி இருக்கிறது.

விகிதம் என்ன சொல்கிறது

நம் கலவையில் திரவத்தின் கனப் பங்கு 0.89. அதை 1.5 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 0.84. துளைகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்து, சிலிக்கா வெறும் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருந்தால் எதிர்பார்க்க வேண்டிய விகிதம் இதுதான். 25 டிகிரியில் செ.மீ.க்கு 3.3 மில்லி சீமன்ஸ், 2 மி.மீ. வில்லைக்கு 54 ஓம்.

விகிதம் 1-ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம். கண்ணாடி சேர்த்ததால் அயனி வேகமாக ஓடியது என்று எழுதும்முன், ஈரம், மிச்ச அமிலம், விளிம்புப் படலம் மூன்றையும் ஒவ்வொன்றாக விலக்குங்கள். 0.7-லிருந்து 0.85 வரை வந்தால் ஜெல் சரியாக வந்திருக்கிறது. 0.5-க்குக் கீழே போனால் முதலில் தொடர்பு மின்தடையையும் விரிசலையும் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மயிரிழை விரிசலும் தெரியும். அவை இல்லையென்றால்தான் சுவர் விளைவைப் பேசலாம்: இமிடசோலியம் அயனிகள் சிலனால் தொகுதிகளை ஒட்டி முதல் அடுக்காக நின்று மெதுவாகின்றன, துளை சிறுக்கச் சிறுக்க அந்த அடுக்கின் பங்கு கூடுகிறது. இதைச் சோதிக்க டியோஸின் அளவைக் கூட்டி இரண்டாவது தொகுதி செய்யுங்கள். கனப் பங்கு 0.7-க்கு வந்தால் வடிவியல் மட்டும் சொல்லும் விகிதம் 0.59. அதற்கும் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அது சுவரின் கணக்கு.

வில்லை பால்போல வெள்ளையாக வந்தால் திரவமும் சிலிக்காவும் பெரிய அளவில் பிரிந்துவிட்டன. அமிலம் பழையதாகித் தண்ணீர் ஏறியதும், சூட்டில் அவசரமாக இறுகியதும்தான் வழக்கமான காரணங்கள். அப்படிப்பட்ட வில்லையும் நன்றாகக் கடத்தலாம், ஆனால் துளை அளவைப் பற்றி எந்த முடிவுக்கும் அது உதவாது.

லித்தியம் பேட்டரிக்காக லித்தியம் டிஎஃப்எஸ்ஐ உப்பைச் சேர்க்கிறவர்கள் கடத்துத்திறன் குறைவதைக் கண்டு கலங்க வேண்டாம். உப்பு பாகுத்தன்மையை ஏற்றும், அது இயல்பு. கவனிக்க வேண்டியது வேறு. இம்பிடன்ஸ் காட்டுவது எல்லா அயனிகளின் ஓட்டத்தையும் சேர்த்துத்தான். அதில் லித்தியத்தின் பங்கு சிறியது. அந்தப் பங்கை அறிய லித்தியம் உலோக மின்முனைகளும், உலர் பெட்டியும், தனி அளவீடும் வேண்டும்.

கழிவைச் சிங்க்கில் ஊற்றக் கூடாது. டிஎஃப்எஸ்ஐ ஃப்ளூரின் சேர்ந்த, எளிதில் சிதையாத அயனி. இமிடசோலியம் வகைகள் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. பாலாறு ஏற்கெனவே சுமப்பது போதும். கழுவிய நீரையும் உடைந்த வில்லைகளையும் மூடிபோட்ட பிளாஸ்டிக் கேனில், பெயரும் தேதியும் எழுதிச் சேர்த்துவைத்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படையுங்கள். ஃபார்மிக் அமிலம் தேங்கிய குளிர்பொறியை ஃப்யூம் ஹுட்டில் வைத்து, சோடியம் பைகார்பனேட்டை நுரை அடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நடுநிலையாக்குங்கள்.